காய்ச்சலோடு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டிய நாளுக்கு ஒரு சைவச் சாப்பாடு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு லீவு கேட்பதில் ஒரு கூச்சம் உண்டு. பஸ் ஏற வேண்டியதில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒட்டிக்கொள்ளுமே என்ற கவலை இல்லை, கட்டில் பத்தடி தூரத்தில்தான். அப்புறம் எதற்கு லீவு என்று நாமே நம்மை மடக்கிவிடுவோம். போன மாதம் நானும் தொண்டை வலியும் காய்ச்சலுமாக அப்படித்தான் ஐந்து நாள் ஓட்டினேன். முதல் இரண்டு நாள் பிஸ்கட்டும் டீயும். மூன்றாம் நாள், இனியாவது ஒழுங்காகச் சாப்பிடுவோம் என்று கிளம்பி, இருந்த கொஞ்ச நஞ்ச தெம்பும் போனது. அந்தக் கதை நான்காவது படியில் இருக்கிறது. வேறு எதைத் தாண்டினாலும் அதைத் தாண்டாதீர்கள்.

அரிசி களையவும் குக்கர் மூடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: வேலையைச் சுருக்குங்கள்

முதலில் தெர்மாமீட்டர். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல்தான். 38.5 தாண்டினால் நான் லேப்டாப்பையே திறப்பதில்லை. இது நானே போட்டுக்கொண்ட கோடு. ஒரு தடவை அந்தச் சூட்டில் உட்கார்ந்து பழைய கணக்குத் தாளை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் பாதி அதைச் சரிசெய்யவே போனது.

அதற்குக் கீழே இருந்தால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். டீமுக்கு ஒரே வரி: “உடம்பு சரியில்லை, 10 முதல் 12, 4 முதல் 5.30 வரை இருப்பேன், கேமரா போட மாட்டேன்.” காரணத்தை நீட்டி முழக்காதீர்கள். நீட்டினால் பதிலுக்குக் கைவைத்தியம்தான் வரும்.

படி 2: குடிப்பதற்கு ஃபிளாஸ்க்

பாட்டிலைவிட ஃபிளாஸ்க்தான் என் கட்சி. வெந்நீர் நாலு மணி நேரம் கழித்தும் வெந்நீராகவே இருக்கும், ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்கு எழுந்து போக வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

பக்கத்திலேயே ஒரு துண்டுத்தாள் வையுங்கள். பாராசிட்டமால் எத்தனை மணிக்குப் போட்டோம் என்று அதில் எழுதுங்கள். ஜலதோஷத்துக்கு விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. காய்ச்சல் மயக்கத்தில் இந்தக் கணக்கு மனசில் நிற்காது.

படி 3: ஒரே குக்கர்

அரை கப் மைசூர் பருப்பு, அரை கப் அரிசி, ஒரு கேரட், இரண்டு கை கீரை, ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் எண்ணெய், நாலரை கப் தண்ணீர். கீரையைத் தவிர எல்லாவற்றையும் போட்டு நாலு விசில்.

மைசூர் பருப்பைத்தான் சொல்வேன், காரணம் இருக்கிறது. ஊறவைக்க வேண்டாம், குழைந்து போகும், விழுங்கும்போது தொண்டையை உரசாது. 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. பிஸ்கட்டிலும் டீயிலும் கிடைக்காமல் போனது அதுதான். எண்ணெயை விட்டுவிடாதீர்கள், நுரை அடங்கும். பருப்பு வேகும்போது குக்கர் பாதிக்கு மேல் நிறையவும் கூடாது. நுரை ஏறி விசில் துளையை அடைத்துக்கொள்ளும்.

ஆவி அடங்கியதும் திறந்து, அந்தச் சூட்டிலேயே கீரையைப் போட்டுக் கிளறுங்கள். உப்பு, மிளகு. எலுமிச்சையை மட்டும் தட்டில் போட்ட பிறகு பிழியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு அவ்வளவு லேசில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வைட்டமினுக்குச் சூடு ஆகாது. சாப்பிட்ட கையோடு டீ, காபியும் வேண்டாம், இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். (எனக்குக் கஷ்டமே அந்த ஒரு மணி நேரம்தான்.)

படி 4: ராஜ்மாவும் நானும்

மூன்றாம் நாள் நான் செய்தது இது. ராஜ்மாவை ராத்திரி ஊறவைத்தேன், அதுவரை சரி. காலையில் ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரண்ட் பாத்திரம்) போட்டு, ‘லோ’வில் வைத்துவிட்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன். தானாக வேகட்டும், நாம் படுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மதியம் திறந்தால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடித்தால் நடுவில் லேசாக மாவு தட்டியது. பசி, சாப்பிட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. மாலை மீட்டிங்கைக் கழிப்பறை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டே ரத்து செய்தேன். காய்ச்சல்தான் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ராத்திரிக்குள் வயிறு தானாக அடங்கியபோதுதான் சந்தேகம் வந்து தேடினேன்.

ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்று ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதைகளே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நன்றாகக் கொதித்தால் அது அழியும். ஸ்லோ குக்கரில் உள்ளே இருக்கும் பண்டம் பல சமயம் 80 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அந்த அரைச் சூட்டில் விதை மெத்தென்று ஆகுமே தவிர நச்சு போகாது, பச்சை விதையைவிடக் கெடுதலாகக்கூட ஆகலாம். மெத்தென்று இருக்கிறதே என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

சரியான முறை இது: குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். நான் 30 நிமிடம் விடுகிறேன். பிரஷர் குக்கர் என்றால் 100 டிகிரிக்கு மேலேயே போய்விடும், கவலை இல்லை. விரலால் நசுக்கினால் நடுவில் கட்டி தட்டக் கூடாது.

என் ஸ்லோ குக்கர் இப்போது பரணில் இருக்கிறது. சூப்புக்கு நல்ல சாமான்தான், ஆனால் உடம்பு சரியில்லாதவர் கையில் அதைக் கொடுக்க மாட்டேன்.

படி 5: மிச்சத்தை ஆறவைப்பது

குக்கரை அப்படியே அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம், தெரியும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்து நச்சைக் கக்கும், அந்த நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். தட்டையான சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். போனில் ‘சோறு’ என்று பெயர் வைத்து ஓர் அலாரம். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், ஆன்டிபயாடிக்கோடு தயிர் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சில மருந்துகளை பால், தயிரில் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் முழுசாகச் சேராது. எத்தனை மணி நேர இடைவெளி என்பதை மருந்து கொடுத்தவரிடமே கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: வாந்தி வந்தபோது என்ன குடித்தாய் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுதான் நல்லது. என்னிடம் இல்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து மடக்கு மடக்காகக் குடித்தேன். உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள், அளந்து போடுங்கள்.

பின்சேர்க்கை 3: டின்னில் வரும் ராஜ்மாவை டின்னுக்குள்ளேயே கொதிக்கும் சூட்டுக்கு மேல் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு ஊறவைப்பதும் இல்லை, 10 நிமிடக் கணக்கும் இல்லை. உப்புத் தண்ணீரை வடித்து, அலசி, படி 3-ல் கீரையோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு டின் வாங்கி, தெர்மாமீட்டர் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.