ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதாதீர்கள்: சின்ன ஃபங்ஷன் எழுதும் முறை

சம்மாந்துறையில் வாப்பாவுக்கு நெல் கடை. பெரும்போக வெட்டு தொடங்கினால் நாள் முழுக்க நிறுவை. மொத்த நிறையில் சாக்கின் எடையைக் கழிக்கிற வரியை எழில் என்ற கணினி மொழியில் எழுதி, கொள்வனவு, விற்பனை, இருப்பு என்று மூன்று இடத்திலும் ஒட்டி வைத்திருந்தேன். சணல் சாக்கை விட்டு உரப்பைக்கு மாறிய அன்று இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினேன். இருப்பு ஒத்துவரவில்லை. இரவு பதினொரு மணி வரை வாப்பாவும் நானும் மூட்டை எண்ணினோம்.

சரி, செய்முறைக்கு வருவோம். எழில், முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல் மொழி. நிறுவிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுத நோட்பேட் பிளஸ் பிளஸ்தான் என் தேர்வு. தமிழ் எழுத்து சிதையாமல் இருக்க, கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்.

முதலில், திரும்பத் திரும்ப வரும் வரியைத் தேடிப் பிடித்து வெளியே எடுத்து ஃபங்ஷனாக்குங்கள். ஃபங்ஷன் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய சின்ன நிரல் துண்டு; எழிலில் அதன் பெயர் நிரல்பாகம்:

நிரல்பாகம் சுத்தநிறை( மொத்தம், மூட்டை, சாக்கு )
    பின்கொடு மொத்தம் - ( மூட்டை * சாக்கு )
முடி

சாக்கின் எடையை உள்ளே எண்ணாக எழுதாமல் வெளியிலிருந்து கொடுக்கிறோம். நாளை சாக்கு மாறினாலும் இந்த மூன்று வரியில் கை வைக்கத் தேவையில்லை.

அடுத்து, கூப்பிடுங்கள்:

பதிப்பி சுத்தநிறை( 660, 10, 1 )

மொத்தம் 660 கிலோ, 10 மூட்டை, சாக்கு ஒன்று 1 கிலோ. 650 வரும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நின்று படியுங்கள். பின்கொடு இருக்கும் இடத்தில் நான் பதிப்பி எழுதியிருந்தேன். திரையில் 650 தெரிந்ததால் சரி என்று நம்பினேன். ஆனால் விலையால் பெருக்கியபோது அந்த 650 அங்கே வந்து சேரவேயில்லை. பதிப்பி கண்ணுக்குக் காட்டும், அவ்வளவுதான். பின்கொடுதான் விடையை அடுத்த கணக்கின் கையில் கொடுக்கும். காட்டுகிற வேலையைக் கணக்குப் போடுகிற ஃபங்ஷனுக்குள் வைக்கவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஒருவர் தனக்கு -650 வருகிறது என்று எழுதியிருந்தார். 660ஐயும் 10ஐயும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். வரிசை முக்கியம்.

இன்னொருவர் ஈர நெல்லுக்கு என்ன செய்வது என்று கேட்டார். நெல் வாங்கும் இலங்கை அரச நிறுவனமான நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனைத்தான் எதிர்பார்க்கிறது. அதற்காக சுத்தநிறை ஃபங்ஷனைத் தொடாதீர்கள், புதிதாக ஒன்று எழுதுங்கள் (86 என்பது 100இல் அந்த 14 போன மீதி):

நிரல்பாகம் காய்ந்தநிறை( நிறை, ஈரம் )
    பின்கொடு நிறை * ( 100 - ஈரம் ) / 86.0
முடி

அப்புறம் இரண்டையும் கோர்த்துவிடுங்கள்:

பதிப்பி காய்ந்தநிறை( சுத்தநிறை( 660, 10, 1 ), 20 )

20 வீத ஈரத்தில் நிறுத்த அந்தப் பத்து மூட்டையும் காய்ந்த பிறகு 604.65 கிலோ அளவில் நிற்கும்.