சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்

போன மாதம் ஒரு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு, புதிதாகச் சேர்ந்த தன்னார்வலப் பெண்களுடன் போயிருந்தேன். கிராம சுகாதார செவிலியராக நான் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். திரைச்சீலை மறந்துபோவது, மாதவிலக்கு நாளில் வரச்சொல்வது போன்றவை இரண்டு முகாமில் தானாகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை.

வந்தவர்களையே கூப்பிடுவது

சுய உதவிக் குழுக் கூட்டத்தில் சொன்னால் முப்பது பேர் வந்துவிடுவார்கள், எண்ணிக்கையும் நிறைந்துவிடும். ஆனால் அதில் பாதிப்பேர் போன முகாமிலும் வந்தவர்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். நாட்டளவில் இரண்டு பேர்கூட இல்லை. மீதிப்பேரில் பலர் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் வீட்டில் கிடைப்பார்கள்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. அவர்களுக்கு 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அவர்கள் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் தேடாதீர்கள். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்துக்கு மாத்திரை வாங்க வரும் நாளில், அங்கேயே பேசி முடியுங்கள்.

பயமுறுத்தும் படங்கள்

புற்றுநோய் முற்றியவர்களின் படங்களை நான் ஒருமுறை எடுத்துப் போனேன். அடுத்த தடவை அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

சீட்டு எழுதிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல்.

பரிசோதனை எளிதானது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். புற்றுநோய் என்று அதற்குப் பொருள் இல்லை. வெறும் அழற்சியாலும் அப்படித் தெரியலாம். கோல்போஸ்கோபியும் (கருவியால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்சியும் (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும். புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால், பலருக்கு அன்றே சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நாற்பத்திரண்டு வயதுக் கூலித்தொழிலாளி ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது. “பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் அக்கா” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று குறித்தேன். அந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. அவர் ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். கோல்போஸ்கோபி செவ்வாய்க்கிழமைதான், அவர் போனது வியாழக்கிழமை. சீட்டு வாங்குமிடத்தில் இருந்தவர், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி “கேன்சரா?” என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து இரத்தப்போக்குடன் வந்தபோது நோய் முற்றியிருந்தது.

அன்று பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொரு ‘பரிந்துரைக்கப்பட்டது’. விசாரித்ததில் நான்கு பேர்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் படிவத்தில் ‘போய்ச் சேர்ந்தாரா’ என்று ஒரு கட்டமே கிடையாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊருக்குள் வேறு பேச்சு பரவியிருந்தது: நர்சம்மா சோதித்தால் நோய் வந்துவிடுமாம். மூன்று ஆண்டுகள் அங்கே முகாம் போட முடியவில்லை.

ஆகவே, முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே கோல்போஸ்கோபி எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்த மூன்று நான்கு பேரை ஒரே நாளில், துணைக்கு ஒருவரோடு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே போங்கள். முடிவைத் தனியிடத்தில் சொல்லுங்கள். எந்தத் தொலைபேசி எண்ணில் பேசினால் அவருக்குச் சங்கடம் இருக்காது என்று கேளுங்கள். பல வீடுகளில் எண் மகனுடையதாக இருக்கும். கோல்போஸ்கோபி முடிவும், செய்திருந்தால் பயாப்சி முடிவும் கைக்கு வரும்வரை அந்தப் பெயரைப் பதிவேட்டில் முடிக்காதீர்கள்.

மாமியாரிடம் சொல்லிவிட்டு வருவது

அழைப்பு மருமகளுக்கு. மருமகளிடம் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கும் அதே சோதனை

மாதவிலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே நகர்ந்துவிடும். அமிலம் தடவிப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று அனுப்பினால் அந்தப் பதிலை நம்ப முடியாது. எச்.பி.வி. (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனைக்கோ, கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனைக்கோ வழி செய்யுங்கள்.

நெகட்டிவ் வந்தவரை மறப்பது

நம் நாட்டு வழிகாட்டுதலின்படி அவர் ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வர வேண்டும். அந்த மாதத்தையும் ஆண்டையும் அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். அதற்குள் உங்களுக்கு இடமாற்றம் வந்திருக்கும். பதிவேடு அங்கேயேதான் இருக்கும்.