டிராம்போனில் சறுக்கும் இடங்கள்

கார்ட்டூனில் ஒருவன் வாழைப்பழத் தோலை மிதித்து விழுந்ததும் பின்னால் 'வா... வா... வாஆஆ' என்று ஒரு சத்தம் இறங்குமே, அதுதான் நம்மில் பலருக்கு டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல். சிரிக்க வைக்கும் வாத்தியம் என்று அங்கேயே முத்திரை குத்திவிடுகிறோம். டிராம்போன் இசைத்தட்டு தேடிக் கேட்பவர் சறுக்கும் முதல் இடம் இது. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ அந்தச் சிரிப்பையே கையில் எடுத்துக்கொண்டு, 1966-இல் 'சீக்வென்ஸா 5' என்று தனி டிராம்போனுக்கு ஒரு படைப்பு எழுதினார். சிறு வயதில் தான் பார்த்த கிராக் என்ற சர்க்கஸ் கோமாளியின் நினைவுக்காக எழுதியது. நடுவில் வாசிப்பவர் வாத்தியத்தை இறக்கி 'ஏன்?' என்று ஒரு சொல் கேட்க வேண்டும். அதன் பிறகு வருவது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் 'த சாலிட்டரி டிராம்போன்' இசைத்தட்டில் இதை வாசித்திருக்கிறார். கேட்டு முடித்த கையோடு கார்ட்டூன் ஞாபகம் போய்விடும்.

அடுத்த சறுக்கல் வேகம். டிராம்போனில் பித்தான் கிடையாது. குழாயை முன்னும் பின்னும் இழுத்து, ஏழு நிலைகளில் சுரம் பிடிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு டிரம்பெட்டுக்கு இணையாக ஓடிக் காட்டினார் ஜாஸ் உலகின் ஜே. ஜே. ஜான்சன். அவர் பெரிய கலைஞர், மறுப்பே இல்லை. ஆனால் அவரில் ஆரம்பித்து, அந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் பாதி இசைத்தட்டுகள் 'என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றும். பிருகா மட்டுமே சங்கீதம் என்று நினைப்பவர் சவுக்க காலக் கீர்த்தனையின்போது கேண்டீனுக்கு எழுந்து போவது போலத்தான்.

அப்படி எழுந்து போனவர்கள் தவறவிட்டது ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரின் 'அண்டர்கிரவுண்ட் ஓவர்லேஸ் ஃப்ரம் த சிஸ்டர்ன் சேப்பல்' (1995). அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், போர்ட் டவுன்சென்ட் ஊரில், ஃபோர்ட் வார்டன் என்ற பழைய ராணுவக் கோட்டை இருக்கிறது. அதற்குள் நிலத்தடியில் ஒரு நீர்த்தொட்டி. 20 லட்சம் கேலன், நம் கணக்கில் சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளும். தண்ணீர் வற்றிய அந்தத் தொட்டிக்குள் ஒரு டிராம்போன் குழுவையே இறக்கிப் பதிவு செய்தார்கள். உள்ளே ஒரு சுரம் ஊதினால் அது அடங்க 45 விநாடி ஆகும். ஆகவே ஒருவர் ஊதியதன் மேல் இன்னொருவர், அதன் மேல் மூன்றாமவர் என்று சுரங்கள் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன. இங்கே வேகமாக வாசித்தால் எல்லாம் குழம்பிப் போகும், வாசிக்கவே முடியாது. கட்டடமே சொல்கிறது, காத்திரு என்று. இரவில் விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது வேண்டாம். எனக்குத் தூக்கம் வந்தது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது. டிராம்போன்காரர்கள் பெரும்பாலும் இன்னொருவரின் குழுவில் பின்வரிசையில் நிற்பவர்கள். ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெயின்' (பதிவு 1957) தெரியாத ஜாஸ் ரசிகர் இல்லை. அதில் டிராம்போன் வாசித்த கர்டிஸ் ஃபுல்லரின் சொந்த இசைத்தட்டான 'புளூஸெட்' (1959) எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? பென்னி கோல்சனின் சாக்ஸஃபோனும் இவரும் சேர்ந்து மெட்டை எடுக்கும்போது இரண்டு வாத்தியம் என்பதே மறந்துபோகும்.

கிராஷன் மன்கர் கதையும் இதே. சாக்ஸஃபோன்காரர் ஜாக்கி மக்லீனின் பெயரில் வந்த 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' இசைத்தட்டில் பாதி மெட்டுகள் இவர் எழுதியவை. 1963 நவம்பரில் தன் பெயரிலேயே 'எவல்யூஷன்' பதிவு செய்தார். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், அப்போது 17 வயதுதான். தலைப்புப் பாடல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத நடை. எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது அதுதான்.

சால்சா என்ற லத்தீன் நடன இசையில் இது இன்னும் மோசம். எடி பால்மியேரி பியானோக்காரர் என்பதால் டிராம்போன் தேடுபவர்கள் அவர் பக்கமே போவதில்லை. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அவர் கட்டிய 'லா பெர்ஃபெக்டா' குழுவில் டிரம்பெட்டுக்குப் பதில் டிராம்போன்கள்தான். பேரி ராஜர்ஸ் அதில் முழங்குவதைக் கேட்க 'அசூகார் பா தி' (1965) போதும். ஜாஸில் மெல்பா லிஸ்டனும் அப்படிக் கண்ணில் படாமல் போனவர்தான். டிஸ்ஸி கில்லெஸ்பி, ராண்டி வெஸ்டன் போன்ற ஜாஸ் தலைவர்களின் குழுக்களுக்கு, எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று இசையைக் கோத்துக் கொடுத்த டிராம்போன் கலைஞர்; தலைமைப் பெயரில் ஒரே இசைத்தட்டு, 'மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்', 1958-இல் பதிவானது. அட்டையைப் புரட்டி, வாசித்தவர்கள் பட்டியலைப் படிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் இவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

ஜெர்மனியின் ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டோர்ஃப் விஷயத்தில் வேறொரு சந்தேகம். 'டிராம்போன்லினெஸ்' (1976) கேட்டவர்கள், ஸ்டூடியோவில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை. ஒரே ஆள், ஒரே வாத்தியம். உதட்டால் ஒரு சுரம் ஊதிக்கொண்டே தொண்டையால் இன்னொன்றைக் குழாய்க்குள் பாடுகிறார். இரண்டும் உரசும்போது யாரும் வாசிக்காத மூன்றாவது, நான்காவது சுரங்கள் தாமாகவே எழும். டியூக் எலிங்டனின் 'கிரியோல் லவ் கால்' மெட்டை அவர் தனியாக முழுக் குழு போல வாசிப்பதில் அது தெளிவாகத் தெரியும். அதேபோல 1964-இல் ஆசியச் சுற்றுப்பயணம் முடித்து வந்து அவர் செய்த 'நவ் ஜாஸ் ராம்வாங்' கேட்கத் தகுந்தது. 'கலவை இசை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கலவை என்றதும் ஒதுக்கப்படும் இன்னொன்று, ராஸ்வெல் ரட் மாலி நாட்டின் டுமானி ஜபாட்டேயோடு செய்த 'மாலிகூல்'. 21 தந்தி கொண்ட கோரா எங்கே, பித்தளைக் குழாய் எங்கே, அமுக்கிவிடாதா என்று நானும் நினைத்தேன். ரட் பாதி நேரம் கிசுகிசுக்கிறார்.

ரிக்கோ ரோட்ரிகஸின் 'மேன் ஃப்ரம் வரேக்கா' (1977) ரெகே. ஜமைக்காவின் கிங்ஸ்டனில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில், தன்னைவிட மூத்த டான் டிரம்மண்டிடம் கற்றவர். இதைத் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிடார் காணாமல் போய், டிராம்போன் காலுக்குக் கீழே தரை இல்லாமல் தொங்கும். 'வரேக்கா டப்' என்று ஒன்று கிடைக்கும். அது இதே இசையின் டப் வடிவம், அதாவது மெட்டைக் குறைத்து, டிரம்ஸையும் பேஸையும் எதிரொலியோடு முன்னே கொண்டுவந்த மறுகலவை. அதை முதலில் கேட்டுவிட்டு 'மெட்டே இல்லையே' என்றார் ஒரு நண்பர்.

கடைசியாக ஸ்டீவ் டர்ரேயின் 'சாங்டிஃபைட் ஷெல்ஸ்' (1993). டிராம்போன்காரர் சங்கு ஊதுகிறாராம் என்று வித்தை காட்டுகிற கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சங்குச் சத்தம் கோயிலிலும் இழவு வீட்டிலும் கேட்டு வளர்ந்த நமக்கு அது வித்தையாகத் தோன்றுவது விநோதம். அளவுக்கு ஒன்றாகச் சங்குகளை வைத்துக்கொண்டு, சங்கின் அகன்ற திறப்புக்குள் கையை நுழைத்து சுரத்தை வளைக்கிறார். எங்கே சங்கு நிற்கிறது, எங்கே டிராம்போன் ஆரம்பிக்கிறது என்று முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும்தான்.