இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு நிலையான குடும்பம்: வேலை எங்கே தொடங்குகிறது

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் குழந்தைகள் இல்லத்திலேயே தங்கிப்போனால் ‘பெரிய பிள்ளையை யார் தத்தெடுப்பார்கள்?’ என்கிறார்கள். பல நேரம் பிள்ளையின் கோப்புதான் பாதியில் நிற்கிறது. ஆகவே தத்தெடுக்கும் பெற்றோரைத் தேடுமுன் கோப்பைத் திறந்து பாருங்கள்.

முதலில் பார்வையாளர் பதிவேடு. வந்தவர் பெயர், உறவு, ஊர், கைபேசி எண், அடையாள அட்டை விவரம் எல்லாம் இருக்கிறதா? ‘மாமா’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த மாமா யாரென்று தெரியும்வரை குழந்தைகள் நலக் குழு (இப்பிள்ளைகளைப் பற்றிச் சட்டப்படி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) தத்துக்குத் தகுதி என்ற ஆணை தராது. தரவும் கூடாது. பிள்ளைக்குத் திருத்துறைப்பூண்டியில் அத்தை இருக்கலாம், வேதாரண்யத்தில் பாட்டி இருக்கலாம். குடும்ப அட்டை, பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவு, அங்கன்வாடிப் பணியாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் பகலில் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். பொழுது சாய்ந்து போவது நல்லது.

உறவினர் கிடைத்து, வறுமைதான் தடை என்றால் தத்துப் பேச்சே வேண்டாம். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு (மாதம் 4,000 ரூபாய்) மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள்.

யாரும் இல்லையென்று உறுதியானால், தத்துக்குச் சட்டப்படி தகுதியானவர் என்று குழு அறிவிக்க வேண்டும். இரண்டு வயது வரை இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் காலக்கெடு. பெற்றோரே ஒப்படைத்த பிள்ளை என்றால், அவர்கள் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு.

அடுத்தது பிள்ளையைப் பற்றி எடுக்க வருவோருக்குச் சொல்லும் குழந்தை ஆய்வறிக்கை. ‘நல்ல பிள்ளை, படிப்பில் ஆர்வம்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. ‘இருட்டில் கழிப்பறைக்குத் தனியே போகமாட்டாள், மீன்குழம்பு என்றால் இன்னொரு முறை சோறு கேட்பாள், தம்பி வேறு இல்லத்தில் இருக்கிறான்’ என்று எழுதுங்கள். அக்கா பெண்கள் இல்லத்திலும் தம்பி ஆண்கள் இல்லத்திலும் இருந்தால், இரு கோப்பிலும் அந்த உறவு பதிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் ஆளுக்கொரு குடும்பத்துக்குப் போய்விடுவார்கள்.

தத்தெடுக்க வருவோர் காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசு அமைப்பு) வலைத்தளத்தில்தான் பதிய வேண்டும். 8 முதல் 18 வயதுப் பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110 வரை போகலாம். தனியாக எடுப்பவருக்கு 55. தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடைக்காது. தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தருகிறார், நீதிமன்றம் இல்லை. ‘மருத்துவமனையில் குழந்தை இருக்கிறது, பத்திரம் போட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தரகரிடம் சிக்கினால், குழந்தை விற்பனைக்குத் தண்டனை ஐந்தாண்டு வரை கடுங்காவல். வாங்கியவரும் தப்ப முடியாது.

ஆறு வயதுக்கு மேற்பட்ட, தத்து அமையாத பிள்ளைக்கு வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்தெடுக்காமல் ஒரு குடும்பம் வீட்டில் வைத்து வளர்க்கும் வழி உண்டு. 2024 வழிகாட்டுதல்படி, இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் தத்தெடுப்பது உறுதியல்ல என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.

பிள்ளை வீட்டுக்குப் போன முதல் சில வாரம் அடக்கமாக இருக்கும். பிறகு பொய், சோற்றை ஒளித்துவைத்தல், ‘என்னைத் திருப்பி விடுங்கள்’ என்ற கத்தல் எல்லாம் வரும். இவர்களும் விட்டுவிடுவார்களா என்று பார்க்கிறது. தத்து முறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டாண்டுக்கு ஆறுமாதத்துக்கொரு முறை செய்யும் பின்தொடர்வை மட்டும் நம்பாமல், முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை பேசுங்கள். ஆண்டுத் தேர்வுக்கு முன் பள்ளி மாற்ற வேண்டாம். இல்லத்தில் பிள்ளைக்குப் பிடித்த அக்காவின் எண்ணைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.