சமையலறைக்கும் நடைக்கும் கிரவுட் நிறம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரைக்கு டைல்ஸ் வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, அவற்றின் இடுக்குகளை அடைக்கும் கிரவுட்டின் நிறத்தைப் பற்றி வேலையின் கடைசி நாள் வரை யோசிப்பதில்லை. "என்ன கலர் அடைக்கட்டும்?" என்று மேஸ்திரி கேட்கும்போது, மீதமிருக்கும் வெள்ளை சிமெண்டையே போட்டுவிடச் சொல்கிறோம். பத்தடிக்கு எட்டடி உள்ள ஒரு சமையலறையில் 2 அடி டைல்ஸ் பதித்தால் உள்ளே ஓடும் இடுக்குகளின் மொத்த நீளம் 62 அடி. 1 அடி டைல்ஸ் என்றால் 142 அடி. இத்தனை நீளத்துக்குத் தரையில் கோடு இழுக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் கோட்டின் நிறத்தைக் கடைசி நிமிடத்தில் முடிவு செய்ய மனம் வராது.

பரவலாக நடக்கும் தவறு, வெளிர் டைலுக்கு வெள்ளை கிரவுட் போடுவதுதான். எங்கள் வீட்டிலும் அதையே செய்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஃப்ரிட்ஜை நகர்த்தியபோது அதன் அடியில் இருந்த இடுக்கு முதல் நாள் போலவே வெண்மையாக இருந்தது. ஒரு சாண் தள்ளி, நாங்கள் அன்றாடம் நடமாடும் இடத்தில், அதே இடுக்கு டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதுவரை தரை முழுவதும் அந்த நிறம்தான் என்று எங்கள் கண் பழகிப் போயிருந்தது.

இதற்குக் காரணம் சுத்தம் செய்வதில் உள்ள குறை அல்ல. சிமெண்ட் கிரவுட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அது டைலின் மேற்பரப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். துடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் பள்ளமான அந்த இடுக்கில்தான் போய்த் தங்கி, ஊறி, காய்கிறது. ஆகவே எவ்வளவு அக்கறையாகத் துடைத்தாலும் டைல் பளிச்சென்று ஆகுமே தவிர, இடுக்கு மெல்லக் கறுத்துக்கொண்டே வரும். வாசலிலிருந்து உள்ளே போகும் நடையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்; கால் படும் நடுப்பகுதி கறுத்து, சுவரோரம் வெள்ளையாகவே நின்று, வீட்டார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதைத் தரையே காட்டிக்கொடுக்கும்.

சமையலறையில் இதனுடன் மஞ்சளும் சேர்ந்துகொள்கிறது. சிந்திய குழம்பைச் சோப்பு நீரால் துடைத்ததும் அந்தக் கறை சிவந்து போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்ந்தால் சிவப்பாகும். சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் ஆரத்தி நீராவதும் இதனால்தான். சோப்பில் அந்தக் காரம் உண்டு, சிமெண்டிலும் உண்டு. வெள்ளை இடுக்கில் இந்தக் கறை மறைய வழியே இல்லை. சிலிண்டர் நிற்கும் மூலையில் துரு வளையம் வேறு விழும்.

வெள்ளையில் பட்ட அனுபவத்தால் அடுத்த முறை நேர் எதிராகக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, அதுவும் தவறே. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு, ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்மையாகப் பூக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் துடைத்த நீர் காய்ந்த இடமெல்லாம் மேலும் ஒரு வெண்படலம் படியும். வாசலிலிருந்து வரும் புழுதியும் காய்ந்தால் வெளிர் நிறம்தான். இவை மூன்றும் கறுப்பு இடுக்கில் எடுப்பாகத் தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுகிறவர்கள், கிரவுட்டையே அரித்து, நிறத்தைத் திட்டுத் திட்டாக்கிக்கொள்கிறார்கள்.

என் கருத்தில், இன்றைக்கு டைலோடு எந்த நிறம் பொருந்துகிறது என்பதைவிட, அந்தத் தரையில் நாள்தோறும் விழப்போகும் அழுக்கு எந்த நிறம் என்பதையே முதலில் கேட்க வேண்டும். சந்தன நிற டைலுக்குச் சாம்பல் கலந்த பழுப்பும், சாம்பல் டைலுக்கு அதைவிட ஓரிரு படி அழுத்தமான சாம்பலும் நீண்ட நாள் ஒரே மாதிரி இருக்கும். மரப்பலகை போன்ற டைல் என்றால் அதன் ரேகைகளில் நடுத்தரமான நிறத்தை எடுப்பது நல்லது. சமையலறையிலும் நடையிலும் ஒரே டைல் தொடர்ந்து ஓடினால் கிரவுட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். டைல் மாறினால், நிறம் மாறும் கோடு கதவு நிலைக்கு நேர் கீழே வரட்டும்.

நிறத்தைச் சரியாக முடிவு செய்த பிறகும் அதைக் கெடுப்பவை சில உண்டு. கடையின் வெளிச்சத்தில், விரல் அகல மாதிரி அட்டையைப் பார்த்துத் தீர்மானிப்பது அதில் ஒன்று. குழைத்த ஈரக் கிரவுட்டைப் பார்த்து நிறம் அதிகம் என்று பயப்படுவது இன்னொன்று. ஈரத்தில் அழுத்தமாகத் தெரிவது காய்ந்தால் வெளிறும். வெட்டி மீந்த இரண்டு டைல் துண்டுகளை ஒரு பலகையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி, கிரவுட்டை அடைத்து, மூன்று நாள் காயவிட்டு, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் அதைச் சமையலறைத் தரையிலேயே வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு மஞ்சள் நீரையும் விட்டுப் பாருங்கள். எந்த அட்டையும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

வெள்ளை சிமெண்டில் கலர்ப் பொடியைக் கைக்கணக்காகக் கலக்கும் வழக்கத்தை அனுமதிக்கவே கூடாது, ஏனெனில் ஒரு சட்டிக்கும் அடுத்த சட்டிக்கும் நிறம் ஒத்துப்போகாது. பாக்கெட் கிரவுட்டாக இருந்தாலும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் அளந்தே ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும், உப்பும் பூக்கும். சமையலறைக்கும் நடைக்கும் வேண்டிய பாக்கெட்டுகளை ஒரே பேட்ச் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானவையாக, மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. இடைவெளி சமமாக வர டைல்களுக்கு நடுவே வைக்கும் ஸ்பேசர் இல்லாமல் பதித்து இடுக்குகள் கூடியும் குறைந்தும் இருக்கும் தரையில், டைலுக்கு மாறான நிறம் அந்தக் கோணலைப் பறைசாற்றும். அங்கே டைலை ஒட்டிய நிறம்தான் காப்பாற்றும்.

சிமெண்டுக்குப் பதிலாகப் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட் போட்டால் எந்த நிறமும் தாங்கும் என்று நம்புவதும் முழு உண்மையல்ல. அது தண்ணீரையும் எண்ணெயையும் அவ்வளவாக உறிஞ்சாது என்பதால் சமையலறைக்கு நிச்சயம் மேலானது. கூடுதல் செலவுக்குத் தகும். ஆனாலும் வாசலருகே நேர் வெயில் படும் இடத்தில் வெள்ளை எபாக்ஸி நாளடைவில் மஞ்சளிக்கும். சொரசொரப்பான வெளிர் டைலில் கறுப்பு எபாக்ஸியைப் பூசி, இறுகுவதற்குள் துடைக்கத் தவறினால், அந்தக் கறுப்புப் படலம் டைலிலேயே தங்கிவிடும்.

வேலை முடிந்ததும் நிற எண்ணும் பேட்ச் எண்ணும் உள்ள பாக்கெட் துண்டைக் கத்தரித்து, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள். கூடவே அந்த மாதிரிப் பலகையையும் பரணில் போட்டு வைத்தால், பிறகு ஒரு டைல் உடைந்து மாற்றும் நாளில் கடைக்கு எடுத்துப் போகக் கையில் ஒன்று இருக்கும்.