கூலி அன்றைக்கே கையில்

விளையில், அதாவது தோப்பில், தேங்காய் வெட்டவோ ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்டிய புதர்க்காடு வெட்டவோ ஆள் கூப்பிடுகிறீர்களா? முந்தின நாள் மாலையே கூலிப் பணத்தைச் சில்லறையோடு எண்ணி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

குமரி மாவட்டத்தில் மாலை ஜெபம் தவறாத வீடுகள் ஏராளம். ஆனால் "சில்லறை இல்லை அண்ணே, நாளைக்கு வாங்க" என்ற பேச்சும் அதே வீட்டு வாசலில்தான் நடக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது வேதாகமத்தின் லேவியராகமம் 19:13. உபாகமம் 24:15 இன்னும் நெருங்கி வருகிறது: பொழுது போகுமுன் கொடு, அவன் ஏழை, அந்தப் பணத்தையே நம்பியிருக்கிறான். உண்மைதானே? போகிற வழியில் அரிசியும் மீனும் வாங்கினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தக் கவரை நான் வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில்தான் வைப்பேன். ஜிபேயில் அனுப்புவதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு ரொக்கம்தான் உதவும். மழை வந்து பாதியில் வேலை நின்றாலும், செய்த அளவுக்கு அன்றே கணக்கு முடித்துவிடுங்கள். அப்புறம், கூலி எவ்வளவு என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். களைத்து நிற்பவரிடம் அந்தியில் பேரம் வேண்டாம்.