பாய்மரப் படகுல சர்ஃப் அலை தேடிப் போறீங்களா?
மொதல்ல சார்ட்ல (கடல் வரைபடத்துல) கடலுக்குள்ள நீட்டிட்டிருக்கிற முனைங்கள பாருங்க, தூரத்துப் புயல்ல கிளம்பி வர்ற ஸ்வெல் அலை அந்த முனைய சுத்தி வளையும்போதுதான் அழகா வரிசையா உடையும், அதுக்குப் பின்னாடியே படகு நிக்கவும் கொஞ்சம் அமைதியான தண்ணி கிடைக்கும். ஃபோர்காஸ்ட்ல உயரம் மட்டும் போதாது, பீரியட், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ஆகுற நேரம், 12 செகண்டுக்கு மேல இருக்கணும், காத்து கரையில இருந்து கடல் பக்கமா வீசணும்.

கடல்ல இருந்து பாத்தா அலையோட முதுகுதான் தெரியும், எப்பவும் சின்னதா தோணும், நம்பாதீங்க! 2 மீட்டர் அலை ஏறக்குறைய 2.6 மீட்டர் ஆழத்துலயே உடைஞ்சிடும், பெரிய செட் (ஒண்ணா சேர்ந்து வர்ற பெரிய அலைங்க) இன்னும் வெளிய உடையும், அதனால நல்லா தள்ளி நங்கூரம் போட்டு கயிற ஆழத்தப் போல 7 மடங்கு விடுங்க. ஒருத்தர் படகுலயே இருக்கட்டும். காத்து கரைப் பக்கம் திரும்பிட்டா அலை எவ்ளோ சூப்பரா இருந்தாலும் உடனே கிளம்பிடுங்க.